அடுத்த ஏழு நாள் ஏற்காட்டில் வெயில் அடிக்குமா? காபிப் பழத்தைக் களத்தில் கொட்டலாமா?

புதுக்களம் (வெள்ளி, இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், நாளை மதியத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

கொட்டச்சேடு பக்கம் கிழக்குச் சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் அரபிகா காபி இருக்கிறது. அப்பா இருந்தவரை பறித்த அன்றே பழமாகவே வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவார், அதனால் காய வைக்கிற வேலை எனக்குத் தெரியாது. இந்த வருஷம் விலை நன்றாக இருக்கிறதே, முழுப் பழமாகத் தோலோடு காய வைத்து 'செர்ரி'யாக விற்றால் கையில் நாலு காசு கூட நிற்குமே என்று ஆசைப்பட்டு இருபதுக்குப் பதினைந்து அடியில் சிமென்ட் களம் போட்டுவிட்டேன். செடியில் இப்போது சுமார் 900 கிலோ பழுத்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பறிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, தேதியைத் தள்ளினால் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், திரும்பக் கிடைக்கப் பொங்கல் தாண்டும்.

போனில் மூன்று ஆப் வைத்திருக்கிறேன். ஒன்று ஏழு நாளும் சூரியன் படம் போடுகிறது. இன்னொன்று புதன், வியாழன் மேகம் போட்டு மழை வாய்ப்பு 30 சதவீதம் என்கிறது. மூன்றாவது வியாழக்கிழமை 4 மி.மீ. என்று கடைக்காரர் பில் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறது. சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் செவ்வாய் வரை வறண்ட வானிலை, அதிகாலையில் லேசான பனிமூட்டம், அப்புறம் இரண்டு நாள் 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை'. இதில் எந்த 'ஓரிரு இடம்' என் களம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொரு குழப்பம். மூன்று ஆப்பும் இன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை 17 என்கின்றன. காலை ஆறு மணிக்குத் திண்ணையில் மாட்டியிருக்கிற தெர்மாமீட்டரில் நான் என் கண்ணால் பார்த்தது 12. இதிலேயே ஐந்து டிகிரி தப்பு என்றால் மழையை மட்டும் எப்படி நம்புவது? பறிக்கலாமா, இல்லை அப்பா மாதிரியே பழமாகத் தள்ளிவிடலாமா?

தட்டுவடைசெட் (வெள்ளி, இரவு 8.52)

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்லியிருக்கிறது. மார்கழிக்கு என்ன துளைக்கும் என்று பாட்டி சொல்லவில்லை, எனக்கு முதுகைத் துளைக்கிறது. சேலத்திலேயே காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். மழையெல்லாம் வராது நண்பரே, தைரியமாகக் கொட்டுங்கள். ஒரு கிலோ பொடி எனக்கு அனுப்பிவிடுங்கள்.

மிளகுக்கொடி (வெள்ளி, இரவு 9.15)

தம்பி, மேலே இருக்கிறவர் பேச்சைக் கேட்டுக் கொட்டிவிடாதீர்கள். நாற்பது வருஷமாக இந்த மலையில் காபி காய வைக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. செர்ரி காய்வது ஒரு வாரத்துச் சமாசாரம் இல்லை. நல்ல வெயில் இருந்தாலே பன்னிரண்டு நாளிலிருந்து பதினைந்து நாள் ஆகும். தோலை உரித்துக் கழுவிப் பார்ச்மென்ட்டாக, அதாவது மெல்லிய ஓடு மட்டும் மூடிய கொட்டையாகப் போட்டால் ஏழு முதல் பத்து நாள். ஆக, அடுத்த ஏழு நாள் எப்படி என்று கேட்கிறீர்களே, அதற்கு அடுத்த ஏழு நாளும் உங்களுக்கு வேண்டும். ஆனால் பயப்பட வேண்டாம், எல்லா நாளும் ஒரே மாதிரி முக்கியம் இல்லை. கண்டம் எல்லாம் முதல் மூன்று நாளில்தான். புதிதாகப் பறித்த பழம் நீரும் சர்க்கரையுமாக இருக்கும், அதை வெயில் இல்லாமல் குவித்துப் படுதா போட்டு மூடினால் உள்ளே கொதித்துப் புளிக்கும், ஒரே ராத்திரியில் களத்துப் பக்கம் கள்ளுக்கடை வாசம் வரும். மூன்று நாள் வெயில் பட்டுத் தோல் சுருங்கிவிட்டது என்றால் அப்புறம் ஒரு நாள், ஒன்றரை நாள் மூடி வைத்தாலும் தாங்கும். நீங்கள் ஞாயிறு பறித்தால் கொட்டுவது சாயங்காலம். திங்கள், செவ்வாய் இரண்டே வெயில்தான் கிடைக்கும். அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

முடிந்தால் ஆளை நாளைக்கே, சனிக்கிழமையே வரச் சொல்லுங்கள். ஒரு நாள் முன்னால் என்றால் பெரும்பாலும் வருவார்கள். தள்ளிப் போட்டால்தான் முறைப்பார்கள். பறித்ததில் பாதியைப் பழமாகவே கொடுத்துவிடுங்கள், பாதியைக் களத்தில் போடுங்கள். முதல் வருஷம், கை பழகட்டும். மொத்தத்தையும் போட்டுவிட்டு ராத்திரி எழுந்து எழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடலாமா என்று தோன்றும், அதுவும் சரியில்லை. நன்றாகப் பழுத்தது மழை பட்டால் வெடிக்கும், உதிரும். இந்தப் பருவத்தில் பலமாக ஒரு மழை பெய்துவிட்டால் அடுத்த வருஷப் பூவும் முன்கூட்டியே வந்து நிற்கும், ஒரே கிளையில் பழமும் பூவும். பழத்தைப் பறிக்கப் போனால் பூ கொட்டும். பூக்க வைக்கிற இந்தப் பூ மழை மாசி பங்குனியில் வந்தால் வரம், மார்கழியில் வந்தால் வம்பு. 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க மழை பிடித்துக்கொண்டதே, அப்போது பட்டது இன்னும் மறக்கவில்லை.

மழைமானி_அஸ்தம்பட்டி (வெள்ளி, இரவு 10.30)

அண்ணன் காபியைச் சொல்லிவிட்டார், நான் வானத்தைச் சொல்கிறேன். மாடியில் மழைமானியும் தெர்மாமீட்டரும் வைத்துக்கொண்டு தினம் எழுதி வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

17க்கும் 12க்கும் உள்ள சண்டையை முதலில் தீர்த்துவிடலாம். ஆப்பில் வருகிற எண் யாரோ கொட்டச்சேட்டில் அளந்தது இல்லை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் போடுகிறார்கள், அதைத்தான் மாடல் என்பார்கள். ஐரோப்பிய மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க ஜி.எஃப்.எஸ். சுமார் 13 கிலோமீட்டர், நம் வானிலைத் துறை 2025இல் கொண்டுவந்த பாரத் மாடல் 6 கிலோமீட்டர். இப்போது யோசித்துப் பாருங்கள். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் போல. ஏற்காடு 1500 மீட்டர் போல. நடுவில் காக்கை பறக்கிற தூரம் எவ்வளவு இருக்கும்? ஒரே கட்டத்துக்குள் அடிவாரமும் மேடும் சேர்ந்து விழுந்துவிடும், மாடல் இரண்டையும் கலந்து ஒரு நடுத்தர உயரத்து மலையைக் கற்பனை பண்ணிக்கொள்ளும். அந்த மலையில் 17 டிகிரிதான், அது பொய் இல்லை. என்ன, அந்த மலையில் உங்கள் வீடு இல்லை.

பகலுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது, 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.65 டிகிரி குறையும். சேலத்தில் 30 என்றால் ஏற்காடு ஏரிப் பக்கம் 22 போல. ராத்திரிக்கு இந்தக் கணக்கு உதைக்கும். காற்று இல்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் போய்த் தண்ணீர் மாதிரி பள்ளத்தில் இறங்கித் தேங்கும். சேலமே ஒரு கிண்ணம்தானே, வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. அந்தக் கிண்ணத்தில் தேங்குகிற குளிரில்தான் மேலே நண்பர் பால் வாங்கப் போகிறார்.

சரி, இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம். மழை வாய்ப்பு 30 சதவீதம் என்பதைப் பார்க்காதீர்கள். சூரியன் படத்தையும் பார்க்காதீர்கள். குறைந்தபட்ச வெப்பநிலை நாளுக்கு நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். எண் தப்பாக இருந்தாலும் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். உங்கள் ஆப்பில் ஞாயிறு 16, திங்கள் 16, செவ்வாய் 17, புதன் 20, வியாழன் 20, வெள்ளி 18 என்று வருகிறதா? எனக்கு அப்படித்தான் வருகிறது. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் மூன்று டிகிரி துள்ளுகிறதே, அந்த இடத்தில்தான் உங்கள் விடை இருக்கிறது.

ஏன் என்றால், வானம் தெளிவாக இருந்தால் பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க வானத்துக்கு விட்டுவிடும், விடியலில் கடுங்குளிர். மேகம் வந்துவிட்டால் அது கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும், சூடு போகாது, ராத்திரி வெதுவெதுப்பாக இருக்கும். ஆக, களம் வைத்திருக்கிறவருக்கு நடுங்க வைக்கிற ராத்திரி நல்ல செய்தி. அடுத்த நாள் நல்ல வெயில். என்றைக்கு ராத்திரி ஸ்வெட்டரைக் கழற்றலாம் போல இருக்கிறதோ அன்றைக்குப் படுதாவை எடுத்து வையுங்கள். உங்கள் திண்ணைத் தெர்மாமீட்டரே இதற்குப் போதும், ராத்திரி பத்து மணிக்கு நேற்றைவிட மூன்று டிகிரி கூட இருந்தால் கிழக்கேயிருந்து ஈரக்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வாரம் நடக்கப்போவது இதுதான். செவ்வாய் வரை வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று. அப்புறம் இலங்கைக்குத் தெற்கே ஒரு கீழைக்காற்று அலை, அதாவது கிழக்குக் காற்றில் உண்டாகி மேற்கே நகர்கிற ஒரு சலனம் போகிறது, புயலும் இல்லை ஒன்றும் இல்லை, டெல்டாவில் இரண்டு நாள் மழை, உள்மாவட்டத்துக்கு மிச்சம் மீதி. சேலத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் விழும். ஆனால் அந்தக் கிழக்குக் காற்று உங்கள் சரிவில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மேகமாகி உட்கார்ந்துகொள்ளும். மழைமானியில் ஒரு மி.மீ. கூட ஏறாது, களம் மட்டும் இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும். 'மழை இல்லை' என்பதற்கும் 'காயும்' என்பதற்கும் நடுவில் இருக்கிற ஓட்டை இதுதான்.

'ஓரிரு இடங்களில்' என்று கேட்டீர்களே, அந்தச் சொற்களுக்குத் துறையில் அளவு உண்டு. மழை பதிவாகிற நிலையங்கள் கால்வாசிக்குள் இருந்தால் ஓரிரு இடம். 'லேசானது' என்றால் ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை, 'மிதமானது' 64.4 வரை. குடையோடு போகிறவருக்கு இந்த அறிக்கை போதும், களம் வைத்திருக்கிறவருக்குப் போதாது. 2.5க்கும் 64க்கும் நடுவில் உங்கள் மொத்தப் பழமும் அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மூன்று நாள் வரை நான் சொல்வதை நம்பலாம். ஐந்தாம் நாளுக்கு அப்பால் போக்கு மட்டும்தான், கிழமையெல்லாம் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். வியாழன் 4 மி.மீ. என்கிற ஆப்பை எடுத்துத் தூக்கிப் போடுங்கள்.

பதினெட்டாம்_வளைவு (சனி, காலை 6.10)

நான் வேன் ஓட்டுகிறவன், தினம் இரண்டு நடை மேலே கீழே. மேலே எழுதியிருக்கிற அளவுக்கு எனக்கு அறிவியல் தெரியாது, ஆனால் பனி இரண்டு ஜாதி என்று தெரியும்.

ஒன்று கீழ்ப்பனி. கோரிமேடு தாண்டும்போது முன்னால் போகிற வண்டியின் டெயில் லைட்கூடத் தெரியாது, அடிவாரத்தில் ஏற ஆரம்பித்து ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் பட்டென்று விலகி மேலே பளீர் வெயில். திரும்பிப் பார்த்தால் சேலம் பாலில் முங்கின மாதிரி கிடக்கும். இது நல்ல பனி, எட்டரை ஒன்பதுக்குள் போய்விடும். இன்னொன்று மேல்பனி. கீழே ஒன்றும் இருக்காது, சுத்தமாக இருக்கும், பதினைந்தாவது வளைவு வரும்போது திடீரென்று கண்ணாடி வெள்ளை. இருபது வளைவும் முடிந்து ஏரிக்குப் போனாலும் விலகாது, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் விலகாது. அது பனி இல்லை, மேகம். அன்றைக்குக் காபிக்களத்தில் எவரும் பழத்தைப் பிரித்திருக்க மாட்டார்கள், நான் வழியில் பார்ப்பேனே.

இன்றைக்குக் காலை கீழ்ப்பனிதான். மேலே தெளிவு. புதன்கிழமை காலை ஏறும்போது எந்த வளைவில் பிடிக்கிறது என்று எழுதுகிறேன். சுற்றுலா வருகிற சொந்தங்களுக்கு இன்னொரு வார்த்தை, மேல்பனியில் ஹெட்லைட்டை ஹை பீமில் போடாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போட்டு, வளைவில் ஹாரன் அடித்து, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

தட்டுவடைசெட் (சனி, காலை 8.05)

சரி, சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தாச்சு, பலவீனமாகிவிட்டது என்று சொன்ன பிற்பாடுதானே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, நம் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து வண்டியை நிறுத்தினார்கள்? அப்போதும் 'உள்மாவட்டத்துக்கு மிச்சம் மீதி' என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? அந்த மாதிரி இதுவும் ஏமாற்றாதா?

மழைமானி_அஸ்தம்பட்டி (சனி, காலை 9.20)

நியாயமான கேள்வி. அது புயலாக வந்து, நகராமல் நின்று நின்று, பலவீனமான பிறகும் ஈரத்தை மூட்டை மூட்டையாக உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது. காற்று பலவீனமாவது வேறு, மழை பலவீனமாவது வேறு என்று நாமெல்லாம் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். இப்போது வருவது கடலிலேயே சுழல் கட்டாத ஒரு அலை, தென்கோடியோடு மேற்கே ஓடிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இருந்தாலும் தினம் மதியம் வருகிற அறிக்கையில் சேலத்துக்கு மஞ்சள் நிற எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், வந்தால் இங்கே கத்துவேன்.

ரேடாரையும் நம்பி உட்காராதீர்கள். சென்னை ரேடாரானாலும் காரைக்கால் ரேடாரானாலும் நமக்கு வெகு தூரம். அவ்வளவு தூரம் வருவதற்குள் அதன் கற்றை உயரே ஏறிவிடும், மலை மேல் தாழ உட்கார்ந்திருக்கிற மேகம் அதன் காலுக்கடியில் போய்விடும்.

ஜவ்வரிசி_ஆத்தூர் (சனி, காலை 11.00)

காபி தெரியாது, களம் தெரியும். எங்களுடையது மரவள்ளி மாவு, ஜவ்வரிசி. உங்களுக்குப் பதினைந்து நாள் என்றால் எங்களுக்கு ஒரு நாள் வெயில் கெட்டாலே ஈரமாவு நாறிப்போகும், அதனால் வானத்தை உங்களைவிட அதிகமாகப் பார்க்கிறவர்கள் நாங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: காலைப் பனி ஈரம் களத்தில் இருக்கும்போதே பரப்பிவிடாதீர்கள். சூரியன் வந்துவிட்டதே என்று ஏழு மணிக்கே பிரித்துக் கொட்டினால் சிமென்ட்டில் இருக்கிற ஈரத்தைப் பண்டம் குடித்துக்கொள்ளும், ஒரு மணி நேர வெயில் அதைத் திருப்பி எடுக்கவே போய்விடும். எங்கள் களத்தில் மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு நாலு மூலையும் வெறுங்காலோடு நடப்பார். உள்ளங்கால் ஜில்லென்று ஒட்டினால் இன்னும் ஈரம், சொரசொரவென்று தட்டினால் கொட்டலாம். களத்து மூலையில் மரநிழல் விழுகிற இடம் கடைசியாகத்தான் காயும், அங்கே கால் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாயங்காலம் நாலரைக்கே குவித்துவிடுங்கள், ஐந்தரை வரை இழுத்தால் பனி இறங்க ஆரம்பித்துவிடும், மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்கிறது.

புதுக்களம் (சனி, மதியம் 1.30)

எல்லோருக்கும் நன்றி. மிளகுக்கொடி அண்ணன் சொன்ன மாதிரி காலையிலேயே போன் போட்டுக் கேட்டேன். ஆறு பேரில் நாலு பேர் இன்றைக்கே வந்துவிட்டார்கள், பறித்துக்கொண்டிருக்கிறார்கள், மிச்சத்தை நாளைக்குப் பறித்துப் பழமாகவே கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று வெயில் கிடைக்கிறது. நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தெர்மாமீட்டர் 15, காலையில் 12. இனிமேல் தினமும் ராத்திரி பத்து மணிக்குப் பார்த்து எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு கனத்துக்குப் பரப்புவது அண்ணா?

மிளகுக்கொடி (சனி, மதியம் 2.10)

நாலு விரல் கனம், அதற்கு மேல் வேண்டாம். மணிக்கு ஒரு தரம் பலகையால் துழாவி வரப்பு வரப்பாக இழுத்து விடுங்கள், ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் பச்சையாக நிற்கக் கூடாது. பச்சைக்காயைப் பொறுக்கித் தனியே போடுங்கள், பழத்தோடு கலந்தால் ஒன்று காய்ந்து ஒன்று காயாது. முதல் ராத்திரி உயரமாகக் குவிக்காதீர்கள்.

பதினெட்டாம்_வளைவு (புதன், காலை 6.45)

பிடித்துவிட்டது. இன்றைக்குப் பதிமூன்றாவது வளைவிலேயே வெள்ளை. கீழே சேலம் சுத்தமாக இருந்தது. ஏரிக்கடையில் டீ குடித்துக்கொண்டு எழுதுகிறேன், எதிர்ப்பக்கம் படகுத்துறை தெரியவில்லை. அஸ்தம்பட்டிக்காரருக்கு ஒரு டீ என் கணக்கில்.

ஜவ்வரிசி_ஆத்தூர் (வியாழன், மாலை 5.20)

இங்கே மதியம் மூன்றரைக்குக் கால் மணி நேரம் தூறல். நல்லவேளை, காலையிலேயே காற்று ஈரமாக இருந்ததால் களத்தில் பாதிதான் பரப்பியிருந்தோம்.

புதுக்களம் (சனி, காலை 10.15)

நடந்ததை எழுதிவிடுகிறேன், அடுத்த வருஷம் யாராவது தேடிக்கொண்டு வந்தால் உதவும்.

ராத்திரி பத்து மணிக் கணக்கு: சனி 15, ஞாயிறு 14, திங்கள் 14. செவ்வாய்க்கிழமை 18. அன்றைக்குப் பகல் முழுக்க வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை, ஆப்பில் மறுநாளுக்கும் சூரியன்தான் போட்டிருந்தது. ஆனாலும் 18ஐப் பார்த்தவுடன் போய் இன்னொரு படுதா எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன், மனைவி சிரித்தாள். புதன் காலை கதவைத் திறந்தால் வாசலில் இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே. மழை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் பெய்யவில்லை, ஆனால் கொடியில் போட்ட துண்டு காய்வதற்குப் பதிலாக நனைந்துகொண்டே இருந்தது. இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் ராப்பகலாகக் கேட்டது.

பழம் தப்பித்துவிட்டது, ஒரு மூலையைத் தவிர. தப்பு என்னுடையதுதான். காற்று தூக்கிவிடும் என்று பயந்து அந்தப் பக்கம் படுதாவைத் தரையோடு ஒட்டிக் கல் வைத்து இறுக்கிவிட்டேன். வியாழன் சாயங்காலம் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் இட்லிப் பானையில் கை விட்ட மாதிரி சூடு. இரண்டு கூடை புளித்துப் போய்விட்டது, தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்ற இடமெல்லாம் தோல் சுருங்கி, பாதி கறுத்து, நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் கலைந்து வெயில் வந்தது, உடனே பிரித்துப் போட்டேன். நேற்று ராத்திரி பத்து மணிக்கு 15. இன்றைக்குக் காலை வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு ஒன்பதே காலுக்குத்தான் பரப்பினேன். நிழல் மூலையில் இன்னும் கால் ஒட்டுகிறது, அங்கே மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் புளித்த இரண்டு கூடையை என்ன செய்வது அண்ணா? குப்பையில்தானா?

மிளகுக்கொடி (சனி, காலை 10.50)

குப்பையில் போடாதீர்கள், களத்துக்கு வெளியே ஒரு சாக்கை விரித்துத் தனியாகக் காய வைத்து வீட்டில் ஒரு ஓரமாக வையுங்கள். நல்லதோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், ஒரு கைப்பிடி போதும் ஒரு மூட்டையின் வாசத்தையே கெடுக்க. விற்கும்போது அதைத் தனியே காட்டி, கிடைக்கிற விலைக்குக் கொடுங்கள். படுதாவைத் தூக்கி நடுவில் ஒரு மூங்கில் கழி கொடுத்துக் கூரை மாதிரி கட்டுங்கள், இரண்டு முனையும் திறந்திருக்கட்டும், மேலே தண்ணீர் வழிய வேண்டும், உள்ளே காற்று ஓட வேண்டும். அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போச்சு.

தட்டுவடைசெட் (சனி, காலை 11.05)

அந்தத் தனிச் சாக்குக் காபிதான் எனக்கு வருமென்று மனசு சொல்கிறது.

மழைமானி_அஸ்தம்பட்டி (சனி, காலை 11.40)

அடுத்த வாரம் முழுக்கக் குறைந்தபட்சம் படிப்படியாக இறங்குகிறது, உங்கள் திண்ணையில் 11 வந்தாலும் ஆச்சரியமில்லை. ஊட்டி, கொடைக்கானலுக்கு உறைபனி என்று செய்தியில் போடுவார்கள், அது அங்கே, நம் மலைக்கு அவ்வளவு வராது. இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு எவ்வளவு என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள், என் நோட்டில் கொட்டச்சேடு என்று ஒரு தனிப் பக்கமே போட்டுவிட்டேன்.